பென்குயின் ஆடிய ஆட்டம்

2003-ஆம் ஆண்டு வசந்த காலத் துவக்கத்தில், ஸ்விட்சர்லாந்தின் பனிமலைச் சரிவுகளில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர், அந்த உல்லாசத்தை நடுவில் நிறுத்திவிட்டு ஜெர்மனியின் மியூனிச் நகரத்துக்கு விரைந்து சென்று, அந்நகர மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் கண்டு பேசினார். அவர் அவ்வளவு அவசரப்பட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. நகராட்சிக் காரியாலயங்களில் இருந்த 14,000 கணினிகளிலிருந்து விண்டோஸை அகற்றிவிட்டு, எவரும் விலை கொடாமல் எடுத்து உபயோகிக்கவும் தம் இஷ்டம் போலத் திருத்திக்கொள்ளவும் உரிமையுள்ள லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அவற்றில் நிறுவிவிடலாம் என்ற யோசனை அப்போது அங்கே பரிசீலனையில் இருந்தது. பெரிய மனிதர் நேரில் வந்தும் காரியம் பலிக்கவில்லை. மே மாதம் 28-ஆம் தேதி நகர சபை லினக்ஸுக்கே ஓட்டளித்தது. 'லிமுக்ஸ்' என்று பெயர் சூட்டப்பெற்ற அந்த மாற்றம் 2006-இல் ஆரம்பமாகி, 2013-இல் ஏறக்குறையப் பூர்த்தியாகி, சுமார் 15,000 மேஜைகளில் லினக்ஸின் பென்குயின் சின்னத்தைக் கொண்டுபோய் அமர்த்திற்று. உலகத்து நகராட்சிகளெல்லாம் கண்கொட்டாமல் கவனித்துவந்த அந்தப் பரிசோதனையை, 2017 நவம்பரில், அதே நகர சபை தானே கைவிட்டு, மறுபடியும் விண்டோஸுக்குத் திரும்புவதென்று தீர்மானித்தது.

அந்தத் தீர்மானம் நிறைவேறிய அதே மாதங்களில், பிலிப் ரெபோலே என்ற ஒரு ஜெர்மானியர், தமக்குப் பிடித்த ஜப்பானிய விளையாட்டு ஒன்றைத் தம்முடைய லினக்ஸ் கணினியில் ஆட முடியவில்லையே என்ற ஆதங்கத்தினால் ஒரு நிரலை எழுதத் தொடங்கியிருந்தார். அதற்கு எந்தச் சபையும் கூடவில்லை, எவரும் ஓட்டுப் போடவில்லை, பத்திரிகைகளும் கவனிக்கவில்லை. ஆயினும் இன்று வீட்டுக் கணினிகளில் லினக்ஸ் பெற்றிருக்கும் ஸ்தானத்தை நோக்கும்போது, மேயர்களும் மந்திரிகளும் செய்த தீர்மானங்களைக் காட்டிலும் ஆட வேண்டும் என்ற ஆசை சாதித்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. காரியாலயத்தில் உத்தரவுக்குப் பணிந்து லினக்ஸைத் தொட்டவன் உத்தரவு மாறியதும் கைவிட்டுவிடுகிறான். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் தன் ஆசைக்காக அதைத் தொட்டவனுக்கு உத்தரவிடுபவர் யாரும் இல்லை.

கணினி விளையாட்டு ஏன் ஓர் இயங்குதளத்தோடு இவ்வளவு இறுகப் பிணைந்து கிடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் உதவுகிற நிரல்கள் யந்திரத்தினிடம் அதிகமாக எதையும் கேட்பதில்லை. ஆகையால் அவற்றை ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது பெரும் பிரயாசையாவதில்லை. விளையாட்டோ, மலையும் கடலும் மனிதர்களும் நிறைந்த ஒரு முழுச் சித்திரத்தை விநாடிக்கு அறுபது தடவை புதிதாக வரைந்து முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பதனால், கிராபிக்ஸ் அட்டையின் சக்தி முழுவதையும் பிழிந்தெடுக்கப் பார்க்கிறது. அட்டையோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எனவே இடையில் ஒரு பொதுவான கட்டளைத் தொகுதி அவசியமாகிறது. மைக்ரோசாஃப்ட் 1995-இல் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் அத்தகைய ஒரு தொகுதி. விளையாட்டு எழுதுவோர் அதன் சௌகரியத்தில் மயங்கி அதைக் கைக்கொண்டார்கள். கைக்கொண்ட பிறகு, அவர்களுடைய விளையாட்டுக்கள் விண்டோஸைத் தவிர வேறொன்றையும் அறியாதவையாகப் பிறந்தன. விளையாட்டெல்லாம் விண்டோஸில் இருக்கிறது என்பதற்காக ஜனங்கள் விண்டோஸை வாங்க, ஜனங்களெல்லாம் விண்டோஸில் இருக்கிறார்கள் என்பதற்காகக் கம்பெனிகள் விண்டோஸுக்கே விளையாட்டு எழுத, இந்தச் சக்கரம் இருபது வருஷத்துக்கு மேல் தடையின்றிச் சுழன்றது.

ஜெர்மனியைப் பொறுத்தவரை இது பழங்காலம் தொட்டு வந்த நிலைமை அன்று. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மானியச் சிறுவர்களின் அறைகளில் இருந்தவை கொமடோர் கம்பெனியின் அமிகாவும் அடாரி கம்பெனியின் எஸ்டியும் என்ற கணினிகள். கொமடோர் அமெரிக்க ஸ்தாபனமாயினும், பிரவுன்ஷ்வைக் நகரத்தில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. மான்ஃப்ரெட் டிரென்ஸ் 1990-இல் படைத்த 'டரிக்கன்' என்ற துப்பாக்கி விளையாட்டும், மூல்ஹைம் நகரத்து புளூ பைட் நிறுவனத்துக்காக ஃபோல்கர் வெர்டிக் 1993-இல் எழுதிய 'டீ ஸீட்லர்' என்ற குடியேற்ற விளையாட்டும் கொமடோரின் யந்திரங்களில் பிறந்து வளர்ந்தவை. காடு வெட்டி, கல் உடைத்து, கோதுமை விளைவித்து, அதை மாவாக்கி ரொட்டியாக்கி, அந்த ரொட்டியைச் சுரங்கத் தொழிலாளிக்கு ஊட்டி, அவன் தோண்டிய இரும்பில் வாள் செய்து ஒரு ராஜ்யத்தை நிலைநாட்டும் அந்த ஆட்டம் முதலில் அமிகாவில்தான் வெளிவந்தது. அடுத்த வருஷந்தான் பிற கணினிகளுக்குப் போயிற்று. ஒழுங்கிலும் உற்பத்தியிலும் ஜெர்மானியர் காணும் ஆனந்தத்தை அதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் விளையாட்டு வேறொன்று உண்டோ, தெரியவில்லை.

பெர்லின் சுவருக்கு அப்பால் நடந்த ஒரு விநோதத்தையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியின் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று, இன்று கெம்னிட்ஸ் என்று வழங்கும் கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட்டில், 1980-களின் நடுவில் 'போலி-ப்ளே' என்ற விளையாட்டு யந்திரத்தைச் செய்து வெளியிட்டது. மேற்கத்திய ஸைலாக் கம்பெனியின் இஸட்-80 சில்லைப் பார்த்து உள்நாட்டிலேயே வார்த்தெடுத்த யு-880 என்ற சில்லு அதன் மூளை. அதில் ஆடப்பெற்ற 'முயலும் ஓநாயும்' என்ற விளையாட்டு, பாக்-மேனுக்குச் சோஷலிச வேஷம் போட்டது போல இருந்தது. அந்த யந்திரத்தைப் பெர்லினில் கார்ல்-மார்க்ஸ்-அல்லே வீதியில் உள்ள கணினி விளையாட்டு மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம்.

கொமடோர் 1994 ஏப்ரலில் திவாலாயிற்று. அதன் எச்சங்களை 1995-இல் வாங்கிய எஸ்காம் என்ற ஹெப்பன்ஹைம் நகரத்துக் கம்பெனியும் 1996 ஜூலையில் திவாலாயிற்று. அமிகாவைக் கைவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விண்டோஸுக்குப் போனார்கள். ஒரு சிறு பிரிவினர் மாத்திரம், யந்திரத்தின் உள்ளே கை விட்டுப் பார்த்துப் பழகிவிட்ட சுபாவத்தினாலோ என்னவோ, புதிதாக முளைத்திருந்த லினக்ஸின் பக்கம் திரும்பினார்கள். அவர்களை வரவேற்க ஜெர்மனியில் ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 1992 செப்டம்பரில் நால்வர் சேர்ந்து நூரம்பர்க்கை ஒட்டிய ஃபூர்த் நகரில் ஆரம்பித்த சூசே என்ற ஸ்தாபனம், லினக்ஸைப் பெட்டியிலடைத்து, ஜெர்மன் பாஷையில் தடித்த கையேடுகளோடு விற்றுவந்தது. 1996 அக்டோபர் 14-ஆம் தேதி, டூபிங்கன் சர்வகலாசாலையில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் என்பவர், லினக்ஸுக்குச் சாதாரண மனிதரும் கையாளத்தக்க ஒரு முகம் வேண்டும் என்று அறிவித்து, நிரல் எழுதுவோரை உதவிக்கு அழைத்தார். கேடிஇ என்ற மேஜைத்தளம் அன்று பிறந்தது. அந்தத் தேதியை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டு இல்லாத வீட்டில் பிள்ளைகள் தாமே விளையாட்டை உண்டாக்கிக்கொள்வார்கள் அல்லவா? கேடிஇயோடு சீட்டாட்டமும் மாஜாங்கும் வந்தன. இங்கோ ரூன்கே என்ற ஜெர்மானியர் 1998-இல் 'பிங்கஸ்' என்ற விளையாட்டைத் தொடங்கினார். அதில் பென்குயின் கூட்டம் ஒன்றைப் பள்ளத்தில் விழாமல் கரை சேர்க்க வேண்டும். இந்த நூற்றாண்டின் துவக்கத்தில் ஜெர்மானியர் சிலர் ஆரம்பித்த 'வைட்லாண்ட்ஸ்', டீ ஸீட்லரின் இரண்டாம் பாகத்தின் மேல் கொண்ட பிரேமையினால் எழுந்தது. அதன் ஒன்றாம் எண்ணிட்ட பதிப்பு 2021-இல்தான் வெளிவந்தது. இருபது வருஷம் ஒருவரும் சம்பளம் பெறாமல், ஒருவரும் அவசரப்படுத்தாமல் ஒரு விளையாட்டை இழைத்து இழைத்து முடித்தார்கள் என்றால், அதை வேலை என்பதா தவம் என்பதா?

ஆனால் தவத்தினால் சந்தை உண்டாவதில்லை. கலிபோர்னியாவில் லோகி என்ற கம்பெனி 1998 முதல் பிரபல விளையாட்டுக்களை லினக்ஸுக்குப் பெயர்த்து விற்றுப் பார்த்து, 2002 ஜனவரியில் கதவை மூடிற்று. பெயர்த்த விளையாட்டு விண்டோஸில் வந்து பல மாதங்கள் கழித்தே லினக்ஸுக்கு வரும். அதற்குள் ஆசையுள்ளவன் விண்டோஸில் வாங்கி ஆடி முடித்திருப்பான். அந்தக் காலத்தில் லினக்ஸ்காரர் பலருடைய கணினியிலும், விளையாட்டுக்கென்றே, விண்டோஸுக்கு ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருந்தது. அதை வெளியில் சொல்லிக்கொள்ளச் சிலர் கூச்சப்பட்டதும் உண்டு.

வேறொரு காரியம், விளம்பரம் இல்லாமல், நூரம்பர்க்கில் நடந்தது. 2007 செப்டம்பரில் ஏஎம்டி கம்பெனி, தன் ரேடியான் கிராபிக்ஸ் அட்டைகளின் உள்விவரங்களை எல்லோரும் அறியும்படி வெளியிடுவதென்று முடிவு செய்தபோது, அந்த விவரங்களைக் கொண்டு அட்டையை இயக்கும் டிரைவர் என்ற நிரலைத் திறந்த மூலத்தில் எழுதும் பொறுப்பை ஏற்றவர்கள் சூசே ஸ்தாபனத்தின் பொறியாளர்கள். அவர்கள் எழுதிய டிரைவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பிறர் எழுதிய இன்னொன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அட்டையின் ரகசியத்தை மூடிவைக்காமல் வெளியிடுவது என்ற அந்தக் கொள்கை நிலைத்தது. பிற்காலத்தில் லினக்ஸில் விளையாட முற்பட்டவர்கள் பலரும் ஏஎம்டி அட்டையைத் தேடி வாங்கியதற்கு அதுவே மூல காரணம்.

இதற்கிடையில் ஜெர்மனியில் தோன்றிய இன்னொரு வகை விளையாட்டு, இயங்குதளம் என்ற கேள்வியையே சுற்றிக்கொண்டு போய்விட்டது. 2002-இல் தொடங்கிய 'ஓகேம்', அதற்குப் பின் வந்த 'டிராவியன்', 'டீ ஷ்டெம்மே' போன்றவை பிரவுசருக்குள்ளேயே ஆடப்படுபவை. காரியாலயத்துக் கணினியிலும் சர்வகலாசாலைக் கணினியிலும், அது எந்தத் தளமாயினும், மேலதிகாரி பாராத சமயத்தில் அவற்றை ஆடலாம், அநேகர் ஆடினார்கள். கார்ல்ஸ்ரூ, ஹாம்பர்க், மியூனிச் நகரங்களில் இந்தத் தொழில் செழித்தது. கண்ணைப் பறிக்கும் சித்திரங்கள் அவற்றில் இல்லை; அதனால்தான் அவற்றுக்கு டைரக்ட்எக்ஸும் தேவைப்படவில்லை.

இனி ரெபோலேயின் நிரலுக்கு வருவோம். விண்டோஸுக்கு எழுதிய நிரல்களை அப்படியே லினக்ஸில் ஓட்டுவதற்கு வைன் என்ற முயற்சி 1993-லேயே ஆரம்பமாகியிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தர்பாரில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக நின்று, பிரெஞ்சுக்காரர் கேட்டதைத் தமிழில் சொல்லியும் தமிழர் சொன்னதைப் பிரெஞ்சில் பெயர்த்தும் இரு சாராரும் தத்தம் நாட்டில் இருப்பதாகவே எண்ணும்படி காரியத்தை நடத்தியது போல, விளையாட்டு விண்டோஸை நோக்கி இடும் ஒவ்வொரு கட்டளையையும் வைன் இடையில் நின்று வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுத்து, விடையையும் விண்டோஸ் தந்தது போலவே திருப்பித் தருகிறது. அது ஒரு கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை உண்டாக்குவதில்லை. செயலியின் ஆணைகள் இரு தளங்களிலும் ஒன்றே ஆகையால் அவை நேராகவே ஓடுகின்றன. மாற்ற வேண்டியவை இயங்குதளத்தை நோக்கிய வேண்டுகோள்கள் மாத்திரமே. இந்த வித்தியாசத்தினால்தான் வேகம் குன்றாமல் இருக்கிறது. ஆனால் விண்டோஸின் வேண்டுகோள்கள் பல்லாயிரம். அவற்றில் பல, எழுதிவைத்தபடி நடப்பவையும் அல்ல. வைன் தன் முதல் முழுப் பதிப்பை வெளியிட 2008 ஜூன் ஆயிற்று, அதாவது பதினைந்து வருஷம். அப்போதும் டைரக்ட்எக்ஸின் புதிய பாகங்களில் அது தடுமாறிக்கொண்டுதான் இருந்தது.

2016-இல் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் கட்டளைத் தொகுதி வெளிவந்தது. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமாகாத பொதுத் தொகுதி அது; பழைய தொகுதிகளைக் காட்டிலும் அட்டைக்கு வெகு நெருங்கியது. 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற ஜப்பானிய விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய ரெபோலே, அந்த விளையாட்டு பேசிய, டைரக்ட்எக்ஸின் ஒரு பாகமாகிய, டைரக்ட்3டி பதினொன்றாம் பதிப்பின் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை 2017-இன் பிற்பகுதியில் எழுதத் தொடங்கினார். சில மாதங்களுக்குள் அது, பல வருஷம் பலர் கூடிச் செய்தும் எட்டாத வேகத்தை எட்டிவிட்டது. 2018-இன் துவக்கத்திலேயே, ஸ்டீம் என்ற விளையாட்டு அங்காடியை நடத்தும் அமெரிக்க நிறுவனமாகிய வால்வ், அவர் அந்த வேலையையே முழுநேரமும் செய்யும்படி ஊதியம் கொடுக்க ஏற்பாடு செய்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 21-ஆம் தேதி வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துப் புரோட்டான் என்ற பெயரில் வால்வ் வெளியிட்டபோது, இவை லினக்ஸில் நிச்சயமாக ஓடும் என்று உறுதி கூறி 27 விளையாட்டுக்களின் ஜாபிதா ஒன்றைத் தந்தது. அந்த 27-இல் நியர்: ஆட்டோமேட்டாவும் ஒன்று, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்துக் கலிப்ஸோ நிறுவனம் வெளியிட்ட 'ட்ராப்பிகோ 4'-ம் ஒன்று.

வால்வ் இதில் இவ்வளவு பணத்தைக் கொட்டியது தர்மத்துக்காக என்று எவரும் எண்ண வேண்டாம். விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட் தானே ஓர் அங்காடியைத் திறந்தபோது, பிறருடைய மண்ணில் கடை போட்டிருப்பவனுக்கு என்றைக்கும் ஆபத்துண்டு என்பதை வால்வின் அதிபர் கேப் நியூவெல் உணர்ந்தார். 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளை விற்க முயன்று வால்வ் தோற்றது. பெட்டி இருந்தது, ஆடுவதற்குப் போதிய விளையாட்டு இல்லை. அந்தத் தோல்வியின் பாடமே புரோட்டான் என்று சொல்லலாம். 2022 பிப்ரவரி 28-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க யந்திரம் ஜெர்மனியில் 419 யூரோவில் தொடங்கிய விலையில் கிடைத்தது. அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு அதற்குள் இருப்பது லினக்ஸ் என்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் நேரவில்லை. விளையாட்டுத் திரையை விலக்கி மேஜைத்தளத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் எதிரே தோன்றுவது, டூபிங்கன் மாணவர் தொடங்கிவைத்த அதே கேடிஇ. உள்ளே இருப்பது ஏஎம்டியின் சில்லு. ரெபோலேயின் நிரல் சித்திரங்களைப் பெயர்த்துத் தருகிறது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் முத்திரையைத் தாங்கிய அந்த யந்திரத்துக்குள் ஜெர்மானியருடைய பல வருஷத்து உழைப்பு பெயர் தெரியாமல் அமர்ந்திருக்கிறது.

ஸ்டீம் வெளியிடும் மாதாந்தரக் கணக்கில் 2025 அக்டோபரில் லினக்ஸில் விளையாடுவோரின் விகிதம் முதன்முறையாக நூற்றுக்கு மூன்றைத் தாண்டி 3.05 ஆயிற்று, அதில் கால் பங்குக்கு மேல் வால்வின் சொந்த லினக்ஸ் பதிப்பைச் சேர்ந்தது. மூன்று என்பது அற்பமாகத் தோன்றலாம். அந்த மாதம் ஆப்பிள் கணினிகளுக்குக் கிடைத்தது 2.11-தான்.

இந்த வெற்றியில் ஒரு முரண்பாடு இருக்கிறது; அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆஹன் நகரத்தை அடுத்த வூர்செலனில் இருக்கும் ஈகோசாஃப்ட் என்ற நிறுவனம், விண்வெளியில் வாணிபமும் யுத்தமும் நடத்தும் 'எக்ஸ்' வரிசை விளையாட்டுக்களை 1999 முதல் வெளியிட்டுவருகிறது. அவற்றில் இரண்டாவதை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் லினக்ஸுக்குப் பெயர்த்தது. பின்னர் ஈகோசாஃப்டே லினக்ஸ் பதிப்புக்களைத் தரலாயிற்று. 2018-இல் வெளியான 'எக்ஸ்4: ஃபவுண்டேஷன்ஸ்' வல்கனையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பெற்றதனால் அதற்குத் துபாஷியே தேவையில்லை. மியூனிச்சின் மிமிமி நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'ஷேடோ டாக்டிக்ஸ்' விளையாட்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இருந்தது. ஆனால் அந்நிறுவனம் 2023-இல், மூடுவதற்கு முன், வெளியிட்ட கடைசி விளையாட்டுக்கு அது இல்லை. புரோட்டான் நன்றாக ஓட்டிவிடும்போது, நூற்றுக்கு மூன்று பேருக்காகத் தனிப் பதிப்பு எழுதி, அதற்குத் தனிப் பரிசோதனை செய்து, தனிப் புகார்களுக்குப் பதில் சொல்வானேன் என்று எந்தச் சிறு நிறுவனமும் கணக்குப் போடுவது இயல்பே. ஆகவே லினக்ஸில் ஆடப்படும் விளையாட்டுக்கள் பெருகப் பெருக, லினக்ஸுக்கென்று எழுதப்படும் விளையாட்டுக்களுக்கு அவசியம் குறைகிறது. துபாஷி எவ்வளவு சமர்த்தனாயினும், தர்பாரின் பாஷையைத் தீர்மானிப்பவன் அவன் அல்லன். மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரெபோலே போன்றவர்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. இதற்காகப் பழைய லினக்ஸ் பக்தர்கள் சிலர் மனம் வருந்துகிறார்கள். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு என்றாலும், விளையாட்டே இல்லாத தூய்மையைவிட இரவல் விளையாட்டோடு கூடிய நிறைவையே நான் விரும்புவேன்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. பலர் ஒரே சமயத்தில் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டுக்களில், சுவருக்கு அப்பால் இருக்கும் எதிரியைக் காட்டும் கள்ள நிரல்களைப் பிடிப்பதற்காகக் காவல் நிரல்கள் உண்டு. அவற்றில் பிரசித்தி பெற்ற ஒன்றான பேட்டில்ஐ ஜெர்மனியில், ராய்ட்லிங்கன் நகரத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துடையது. கேடிஇ பிறந்த டூபிங்கனுக்கும் ராய்ட்லிங்கனுக்கும் இடையே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். இத்தகைய காவல் நிரல்கள் விண்டோஸின் கருவறையாகிய கெர்னலுக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டு, கணினியில் நடப்பதனைத்தையும் கண்காணிக்கின்றன. லினக்ஸிலோ கெர்னலையே கணினிக்குரியவன் தன் இஷ்டப்படி மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அதுதானே அதன் பெருமை! மாற்றி அமைக்கத் தெரிந்தவன் காவலாளியையும் ஏமாற்றிவிடுவான் என்பது கம்பெனிகளின் பயம். 2021 செப்டம்பரில் பேட்டில்ஐ, புரோட்டானிலும் தன் நிரல் வேலை செய்ய வழி செய்துவிட்டது. ஆனால் அதை அனுமதிப்பதும் மறுப்பதும் ஒவ்வொரு விளையாட்டின் உரிமையாளர் இஷ்டம் என்று விட்டுவிட்டது. மறுப்பவர்கள் பலர். 2024 செப்டம்பரில் ஜிடிஏ விளையாட்டின் இணையப் பிரிவில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டபோது, அதுவரை ஸ்டீம் டெக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒன்றை இப்படிப் பறிப்பது நியாயமா என்று கேட்டால், நிபந்தனைப் பத்திரத்தைப் படியுங்கள் என்பதே விடையாக இருக்கும். தன் வீட்டுக் கணினியின் கருவறைக்குள் ஒரு விளையாட்டுக் கம்பெனியின் ஒற்றனைக் குடியமர்த்தச் சம்மதித்தால்தான் ஆடலாம் என்ற நிபந்தனையை விண்டோஸ்காரர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன தேதிக்கு இப்போது வருவோம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்துவதாக அறிவித்திருந்த நாள் 2025 அக்டோபர் 14. அன்றுதான் கேடிஇக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகள், நல்ல நிலையில் இருந்தும், குப்பைக்குப் போகும் என்ற கவலை ஜெர்மனியில் பலமாக எழுந்தது. பழையதைச் செப்பனிட்டு உபயோகிப்பதில் அந்த ஜனங்களுக்கு இயல்பாகவே ஒரு பிடிவாதம் உண்டு. கேடிஇக்காரர்கள் அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடவில்லை. விண்டோஸ் 10-இலிருந்து வெளியேறும் அகதிகளை வரவேற்பதாகவே அறிவித்து, பழைய கணினியில் லினக்ஸை நிறுவிக்கொடுக்கும் பிரசாரத்தில் இறங்கினார்கள். ஐரோப்பிய நுகர்வோரின் குரலுக்குச் செவிசாய்த்து மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரதேசத்துக்கு ஒரு வருஷ அவகாசத்தை இலவசமாகத் தந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்தில் டுக்ஸீடோ என்ற கம்பெனி, லினக்ஸையே நிறுவி, விளையாட்டுக்கேற்ற கிராபிக்ஸ் அட்டை பொருத்திய மடிக்கணினிகளை விற்கிறது. அரசாங்கங்களும் மறுபடி அசையத் தொடங்கியிருக்கின்றன: வடகோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம் 30,000 காரியாலயக் கணினிகளைப் படிப்படியாக லினக்ஸுக்கு மாற்றுவதென்று 2024 ஏப்ரலில் தீர்மானித்தது. மியூனிச்சின் காலத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அன்று லினக்ஸின் முன் அமர்த்தப்பட்ட குமாஸ்தாவுக்கு அது முற்றிலும் அந்நியம். நாளை அமரப்போகிறவன் அதை வீட்டில் விளையாடி அறிந்தவனாக இருக்கக்கூடும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதாக இருக்க நியாயமில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், நூரம்பர்க்கின் சூசே லினக்ஸ் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் வந்தது. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் அருகருகே வைக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதையும் ஏன் திறந்தார்கள் என்பதையும் விளக்க வேண்டியதில்லை: படமும் பாட்டும் விளையாட்டும் எங்கே இருந்தனவோ அங்கே போனார்கள். அன்று லினக்ஸின் பக்கத்தில் விளையாட்டு இல்லை.

இன்று இருக்கிறது. ஆகையால், விண்டோஸ் 11 ஏற்கவில்லை என்பதற்காக வீட்டிலுள்ள கணினியைப் பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு பென்டிரைவில் லினக்ஸை இறக்கி, கணினியில் எதையும் அழிக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவற்றில் காவல் நிரல் உள்ள இணைய விளையாட்டுக்கள் எவை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அவை அதிகமாக இருந்தால் விண்டோஸிலேயே இருப்பதுதான் நல்லது. இல்லையென்றால் மாறுவதற்குத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.